குண்டானில் பாதி, கிண்ணத்தில் மீதி

கரைத்து வைத்த கடலை மாவை இடது கையால் நூல் போல ஊற்றிக்கொண்டே வலது கையால் கிளறினேன். ஒன்றும் ஆகவில்லை. கோழிச் சாறு தண்ணீராகவே அலைந்துகொண்டிருந்தது. இன்னும் கிளறினேன். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம்... திடீரென்று கரண்டி கனத்தது பாருங்கள், அடடா! அதுவரை சளசளவென்று இருந்த சாறு பட்டுத்துணி மாதிரி மடிந்து மடிந்து கரண்டியைச் சுற்றி வந்தது. "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் என் மனைவி, அடுப்பில் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி ஓடி வந்தாள். ஆமாம், ஆகித்தான் விட்டது. எங்கள் வீட்டு அடுப்பில், ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டேகால் மணிக்கு, கவுஸ்வே வந்துவிட்டது!

கவுஸ்வே தெரியாதவர்கள் கொஞ்சம் உட்காருங்கள், சொல்கிறேன். தெரிந்தவர்களும் உட்காருங்கள், உங்களிடமும் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. பர்மியர்கள் இதை 'ஒன் நோ காவ்ஸ்வே' என்பார்கள். 'ஒன்' என்றால் தேங்காய், 'நோ' என்றால் பால், 'காவ்ஸ்வே' என்றால் நூடுல்ஸ். பெயரே பாதி சமையல் குறிப்பு! தேங்காய்ப் பாலும் கடலை மாவும் சேர்ந்து கெட்டியான பொன்னிறக் கோழிச் சாறு. அதைச் சுடச்சுட நூடுல்ஸ் மேல் ஊற்றி, மேலே முட்டை, வெங்காயம், எலுமிச்சை, வறுத்த மிளகாய், மொறுமொறு நூடுல்ஸ் என்று அடுக்கிக்கொண்டே போவது. வெண்ணெய் கிடையாது, பாலாடை கிடையாது, சீஸ் கிடையாது. ஆனாலும் நாக்கில் அப்படி ஒரு வழுவழுப்பு! எப்படி என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தானே இவ்வளவு அவசரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பர்மா சாப்பாடு என்றால் சென்னையில் பாதிப் பேருக்கு அத்தோதான் தெரியும். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, செகண்ட் லைன் பீச்சில், சாயங்காலமானால் தள்ளுவண்டிகளில் மஞ்சள் நூடுல்ஸை மலையாகக் குவித்து, கையாலேயே பிசைந்து, பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டு, வாழைத்தண்டு சூப்போடு கொடுப்பார்களே, அதேதான். நானும் கல்லூரிக் காலத்திலிருந்து அந்த வண்டிகளின் அடிமை. ஆனால் கவுஸ்வேயை நான் முதன்முதலில் சாப்பிட்டது தெருவில் இல்லை. வியாசர்பாடியில், எங்கள் பழைய வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த பர்மா ஆயாவின் வீட்டில்.

ஆயா ரங்கூனில் பிறந்தவர். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகண்ணிகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வேர்விட்ட தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. அப்படி இறங்கியவர்களுக்காகத்தான் 1969-இல் பர்மா பஜார் வந்தது. ஆயா கப்பலேறியபோது வயது இருபதுகூட ஆகவில்லையாம். நகையை எடுத்துவர விடவில்லை, பணம் செல்லாது. "நாக்கை மட்டும் யாரும் சோதனை போடலை கண்ணு" என்பார். அந்த நாக்கில் ஏறி வந்ததுதான் இந்தக் கவுஸ்வே! சூரத்திலும் கராச்சியிலும்கூட, பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் வழியாகப் போய் ஒட்டிக்கொண்ட இதே கிண்ணம் இருக்கிறது. அங்கே 'கவ்சா', 'கவ்சே' என்று கூப்பிடுவார்கள். போன இடமெல்லாம் ஜெயித்த சாப்பாடு!

சரி, அடுப்படிக்கு வாருங்கள். காலையிலேயே கடைக்குப் போய், எலும்போடு ஒரு கிலோ கோழி வாங்கினேன். தொடைக்கறியாகக் கேட்டு வாங்குங்கள், நெஞ்சுக்கறி கொதிக்கக் கொதிக்க நார் நாராகிவிடும். எலும்பு கண்டிப்பாக வேண்டும். சாற்றுக்கு உயிரே அதில்தான் இருக்கிறது. முக்கால் மணி நேரம், கொஞ்சம் மஞ்சளும் உப்பும் போட்டு, சிறு தீயில் கொதிக்கவிட்டேன். வெந்ததும் கறியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு, எலும்பை மறுபடி அதே சாற்றிலேயே போட்டேன். "எலும்பு இன்னும் பேசி முடிக்கலை" என்பது ஆயாவின் கட்டளை.

அந்தப் பக்கம் எலும்பு பேசிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் வெங்காயம். அரை கிலோ பெரிய வெங்காயம், பன்னிரண்டு பல் பூண்டு, இரண்டு விரல் நீள இஞ்சி, எல்லாம் மிக்ஸியில் விழுதாக. வாணலியில் கடலை எண்ணெய் தாராளமாக. கை நடுங்காமல் ஊற்றுங்கள். விழுதைப் போட்டு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் போட்டு, அடுப்பைக் குறைத்துவிட்டு, நின்றேன். ஆமாம், நின்றேன். அரை மணி நேரம் அசையாமல் நின்றேன். முதலில் அழுவது மாதிரி தண்ணீர் விடும், அப்புறம் பொரியும், அப்புறம் ஒரு கட்டத்தில் வீடே இனிப்பாக மணக்கும், நிறம் செங்கல் நிறத்துக்குத் திரும்பும். கடைசியில், ஓரமெல்லாம் சிவப்பு எண்ணெய் கசிந்து மினுங்கும். எண்ணெய் பிரிந்து வருகிறது என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதற்குப் பர்மியர்கள் வைத்திருக்கும் பெயர் 'சீ பியன்'. எண்ணெய் திரும்பி வருவது என்று அர்த்தம். உள்ளே போன எண்ணெய் விழுதோடு விளையாடி முடித்துவிட்டு வீடு திரும்புகிறதாம்! இந்த வார்த்தையை ஆயா சொல்லிக் கேட்ட நாளிலிருந்து, எந்தக் குழம்பு வைத்தாலும் வாணலி ஓரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இப்போது தேங்காய். இரண்டு முற்றிய தேங்காயைத் துருவி, வெந்நீர் விட்டு அரைத்து, துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்தேன். முதல் பால் தனியாக, இரண்டாம் பால் தனியாக. டப்பாவில் வருவதை வாங்கியும் செய்யலாம், நன்றாகத்தான் வரும். ஆனால் முதல் பிழிசலில் விரலிடுக்கு வழியாக வழியும் அந்த வெதுவெதுப்பான வெள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டால், அப்புறம் டப்பாவைத் திறக்க மனசு வராது.

போன வருஷம் இங்கேதான் கோட்டை விட்டேன். ஆசை மிகுதியில் எல்லாப் பாலையும் மொத்தமாக ஊற்றி, அடுப்பை முழுசாக வைத்துவிட்டேன். பத்தே நிமிடத்தில் பால் திரிந்து, மேலே எண்ணெயும் கீழே திப்பி திப்பியாகவும் நின்றது. ஆயாவிடம் போய் நின்றேன். "தீயைப் பார்த்துப் பால் பயந்துடுச்சு கண்ணு. அதுக்குத் துணைக்கு மாவை அனுப்பணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் அதற்குள் எத்தனை விஷயம்! தேங்காய்ப் பாலில் கொழுப்பு, கண்ணுக்குத் தெரியாத துளிகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பது பாலில் இருக்கும் புரதம். சூடு எல்லை மீறினால் புரதம் கட்டியாகிறது, துளிகள் பிடி தவறி ஒன்றுகூடி எண்ணெயாக மேலே வந்துவிடுகின்றன. கடலை மாவோ, சூட்டில் தண்ணீரைக் குடித்து உப்பி, சாற்றையே கெட்டியாக்கித் துளிகளைத் தனித்தனியாக நிற்க வைக்கிறது. அதுதான் அந்த வழுவழுப்பு! பாலாடை செய்யாத வேலையை நம் வீட்டு பஜ்ஜி மாவு செய்கிறது என்று தெரிந்தபோது, அந்த மாவு டப்பாவை எடுத்து இரண்டு நிமிடம் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மெய்யாகவே!

ஆகையால் இந்தத் தடவை வரிசை தப்பவில்லை. நான்கு மேசைக்கரண்டி கடலை மாவை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, ஆறவிட்டு, தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டேன். எலும்பை எடுத்துவிட்டு, எண்ணெய் திரும்பிய விழுதைச் சாற்றில் கொட்டினேன், சளீர்! பிய்த்த கறி, இரண்டாம் பால், கொதி வந்ததும் கரைத்த மாவு. அப்போதுதான் அந்தக் கூச்சல். அதற்கப்புறம் பதினைந்து நிமிடம், மாவின் பச்சை வாடை போகிறவரைக்கும், அடி பிடிக்காமல் கிளறினேன். பிறகு அடுப்பை அணைக்கப் போகிற அளவுக்குக் குறைத்துவிட்டு, முதல் பால். இனிமேல் கொதிக்கவே கூடாது, ஓரத்தில் லேசாகச் சிரித்தால் போதும். இரண்டு கரண்டி ஃபிஷ் சாஸ். மூடியைத் திறந்தால் வாடை தூக்கிப்போடும், பயந்துவிடாதீர்கள், குண்டானுக்குள் போனதும் நல்ல பிள்ளையாகி, கோழியை இன்னும் கோழியாக்கிவிடும்.

நிறத்தைப் பார்க்க வேண்டுமே! சாயங்கால வெயில் விழுந்த சுவர் மாதிரி ஒரு மஞ்சள், அதன்மேல் ஆங்காங்கே செக்கச்செவேலென்று எண்ணெய்ப் பொட்டுகள். கரண்டியை எடுத்துத் திருப்பினால் அதன் முதுகில் சாறு மெல்லிய போர்வையாக ஒட்டிக்கொள்கிறது. விரலால் ஒரு கோடு போட்டேன். கோடு கலையாமல் நின்றது. இன்னொரு கோடு போட்டேன், விரலைச் சப்பினேன், மறுபடி கோடு போட்டேன். எத்தனை கோடு போட்டேன் என்று எனக்கே தெரியாது.

நூடுல்ஸைப் பற்றி ஒரே ஒரு விஷயம்: முக்கால் பதத்தில் இறக்குங்கள். சுடு சாறு மேலே விழும்போது மீதி கால் பதம் தானாக வந்துவிடும். அரை கிலோ முட்டை நூடுல்ஸை வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஒரு கரண்டி எண்ணெய் தடவி உதிர்த்து வைத்தேன். அதில் ஒரு பிடியை மட்டும் மின்விசிறிக்கடியில் துணியில் உலர்த்தி, காய்ந்த எண்ணெயில் போட்டேன். சடசடசடவென்று அடைமழை மாதிரி ஒரு சத்தம்! பொன்னிறமான பறவைக்கூடு ஒன்று எண்ணெயில் மிதந்தது. சின்னச் சின்னதாக நான்கு கூடு பொரித்தேன். பரிமாறும்போது மூன்றுதான் இருந்தது. நான்காவதைப் பற்றி எனக்கும் என் மகளுக்கும் மட்டும் தெரியும்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். நினைத்துப் பாருங்கள்: மேசை நடுவில் குண்டான், ஆவி பறக்க. சுற்றிலும் பத்து சின்னச் சின்னக் கிண்ணங்கள். மெல்லிசாக நறுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் காரம் தணிந்த வெங்காயம். எலுமிச்சைத் துண்டுகள். கொத்தமல்லித்தழை. எண்ணெயில் வறுத்து நொறுக்கிய மிளகாய். பொன்னிறமாக வறுத்த பூண்டும் அந்தப் பூண்டு வாசனை ஏறிய எண்ணெயும். நாலாக வகுந்த அவித்த முட்டை. மொறுமொறு நூடுல்ஸ். பேஜோ. இன்னும் கொஞ்சம் ஃபிஷ் சாஸ். கொஞ்சம் வறுத்த கடலை மாவு, யாருக்காவது இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால். "குண்டான்ல இருக்கிறது பாதிதான். மீதி அவங்கவங்க கிண்ணத்துல, அவங்கவங்க கையால" என்று ஆயா சொன்னபோது எனக்கு அது சும்மா பேச்சாகத்தான் பட்டது. அன்று ராத்திரி மேசையைச் சுற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. என் மகள் மொறுமொறுவை மலையாகக் குவித்து, நூடுல்ஸ் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். என் மனைவி ஒன்றரை எலுமிச்சையைப் பிழிந்து, சாற்றையே ரசம் மாதிரி புளிப்பாக்கிக்கொண்டாள். "இதென்னடா சேமியாவுக்குக் குழம்பு ஊத்துற!" என்று காலையிலிருந்து முகம் சுளித்துக்கொண்டிருந்த அம்மா, நூடுல்ஸைக் கொஞ்சமாகவும் சாற்றையும் முட்டையையும் நிறையவும் வாங்கி, கொத்தமல்லியை அள்ளிப் போட்டு, ஸ்பூனை ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்தார். ஒரே குண்டான்தான். நான்கு பேருக்கு நான்கு கவுஸ்வே!

என் கிண்ணம்? ஐயோ, என் கிண்ணத்தைக் கேளுங்கள்! நூடுல்ஸ் ஒரு பிடி, அதன்மேல் இரண்டு கரண்டி சாறு, அது நூலிடுக்குகளில் மெதுவாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கோழித் துண்டுகளைத் தேடி எடுத்து வைத்து, வெங்காயம் தூவி, மிளகாயை நினைத்ததைவிட ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டு, பூண்டு எண்ணெயை ஒரு சுற்று சுற்றி, முட்டை வைத்து, கடைசியில் அந்தப் பறவைக்கூட்டை உள்ளங்கையில் நொறுக்கி உதிர்த்து, எலுமிச்சையைப் பிழிந்து, ஒரே ஒரு கலக்கு கலக்கி, வாயில் வைத்தேன் பாருங்கள், முதலில் எலுமிச்சை சுள்ளென்று கன்னத்தைக் கிள்ளுகிறது, அது அடங்குவதற்குள் தேங்காய்ப் பால் வந்து நாக்கு முழுக்கப் படர்கிறது, படர்ந்த இடத்தில் கோழிச் சாறு ஆழமாக உட்காருகிறது, நூடுல்ஸ் வழுக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்க்கும்போது மொறுமொறு கடக்கென்று உடைந்து அதை நிறுத்துகிறது, வெங்காயம் நறுக்கென்று ஒரு குரல் கொடுக்கிறது, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது தொண்டைக்குப் பின்னாலிருந்து வறுத்த மிளகாய் மெல்ல எழுந்து காதுவரை சூடேற்றுகிறது, அந்தச் சூட்டை அணைக்க இன்னொரு வாய் வேண்டியிருக்கிறது, அதை அணைக்க இன்னொரு வாய், அப்புறம் இன்னொன்று, நெற்றி வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது, யாரும் பேசவில்லை, எங்கள் வீட்டில் டி.வி. கூட அணைந்து கிடக்கிறது, உறிஞ்சுகிற சத்தமும் மொறுக்கென்று உடைகிற சத்தமும் மட்டும்தான் கேட்கிறது, நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், திறக்கும்போது கிண்ணம் காலியாக இருக்கிறது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது, மிளகாயால் இல்லை!

குறை ஏதாவது உண்டா என்று கேட்டால், சாப்பிட்டு முடித்ததும் கழுவப் பாத்திரம் கொஞ்சம் சேர்ந்துவிடும். அதை நான் பாடிக்கொண்டே கழுவினேன்.

கழுவி முடித்தபோது மணி ஒன்பதரை. குண்டானில் இன்னும் சாறு இருந்தது. தேங்காய்ப் பால் சேர்ந்தது வெளியில் வைத்தால் காலைவரை தாங்காது, ஃபிரிட்ஜில் வைத்தால் தாங்கும். வைத்திருக்கலாம். ஆனால் என்னால் முடியவில்லை. தூக்கு கேரியரை எடுத்தேன். அடித்தட்டில் சாறு, நடுத்தட்டில் நூடுல்ஸ், மேல்தட்டில் வெங்காயமும் முட்டையும் மற்றதும். சேர்த்து வைத்தால் நூடுல்ஸ் அத்தனை சாற்றையும் குடித்து ஊதிவிடும், அதனால் தனித்தனியாக. கேரியரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. இந்தச் சாப்பாட்டுக்காகவே அடுக்கு அடுக்காகச் செய்து வைத்த மாதிரி இருந்தது! வண்டியை எடுத்துக்கொண்டு வியாசர்பாடிக்குப் பறந்தேன். ராத்திரி பத்து மணிக்கு எண்பது வயது தாண்டிய ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது சரியா என்றெல்லாம் அப்போது தோன்றவே இல்லை.

ஆயா முழித்துக்கொண்டுதான் இருந்தார். "இன்னாடா இந்நேரத்துல?" என்றவர், கேரியரைத் திறந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அடித்தட்டை மூக்கருகே கொண்டுபோனார். கரண்டியைக் கேட்டார். முக்கி எடுத்து, திருப்பி, அதன் முதுகில் விரலால் ஒரு கோடு போட்டார். அதே கோடு! எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பரீட்சை முடிவு பார்க்கப் போனபோதுகூட இப்படி அடித்துக்கொண்டதில்லை.

நன்றாயிருக்கிறது என்றோ இல்லையென்றோ அவர் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய், ஒரு பழைய பீங்கான் கிண்ணமும் ஒரு சின்ன டப்பாவும் எடுத்துவந்தார். நூடுல்ஸ் போட்டு, சாறு ஊற்றி, எலுமிச்சை பிழிந்தார். டப்பாவைத் திறந்தார். உலர்ந்த இறால் பொடி. எனக்கு இத்தனை வருஷமாகச் சொல்லாத ஒன்று! ஒரு சிட்டிகை தூவி, பிசைந்து, நிதானமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"சாறு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து கண்ணு."

வாங்கி ஊற்றினேன். இறால் பொடி டப்பாவை அவர் என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.